புழுங்கல் அரிசியும் ஒற்றை இரட்டை எண்களும்

ஜொகூர் மாநிலத்தில் யோங் பெங்கிலிருந்து லாபிஸ் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் சாஆ. சிகாமட் மாவட்டத்தின் ஒரு சிறிய பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது செம்பனை. இங்கே மளிகைக் கடையில் அரிசி கேட்டால் இன்றும் "வெள்ளையா, புழுங்கலா?" என்று கேட்பார்கள். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த என் தலைமுறைக்கு அது நாக்கைப் பற்றிய கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மண்ணில் வேலைக்கு வந்து இறங்கியவர்களுக்கு அது உயிரைப் பற்றிய கேள்வியாக இருந்தது. அதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய அறிவு அன்று உலகத்தில் எவரிடமும் இல்லை.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இளம் ஆசிரியர்கள் தங்கள் செயலாய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள். ஏறக்குறைய எல்லாக் கட்டுரையும் ஒரே வடிவத்தில் இருக்கும். பின்தங்கிய மாணவர்கள் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், முன்சோதனை வைப்பார்கள், புதிய உத்தி ஒன்றில் சில வாரம் கற்பிப்பார்கள், பின்சோதனை வைப்பார்கள். புள்ளிகள் ஏறியிருக்கும். "ஆகவே என் உத்தி பயனளித்தது" என்று கட்டுரை முடியும். அந்த "ஆகவே" என்ற சொல்லுக்குள் எத்தனை பள்ளங்கள் இருக்கின்றன என்று விளக்க நான் ஒரே ஒரு கதையைத்தான் சொல்வேன். அது மலாயாவில் நடந்தது. தமிழன் வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்து தொடங்கியது. ஆய்வின் ஏற்புடைமை என்று பாடநூல் சொல்வதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியாது.

பெரிபெரி என்ற நோயை இன்றைய பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் ஒரு வரியாகப் படிக்கிறார்கள். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இது கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சாய்த்தது. காரணம் என்னவென்று ஆளுக்கொரு கருத்து சொன்னார்கள். வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை என்று போற்றப்பட்ட பேட்ரிக் மேன்சன் இதை இடத்தைப் பற்றிய நோய் என்றார். மண்ணிலும் கட்டடத்திலும் ஏதோ நஞ்சு பிறக்கிறது என்பது அவர் எண்ணம். 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது கிருமியால் தொற்றும் நோய் என்று எழுதினார். அது கிருமிகளின் காலம். காலராவுக்கும் காசநோய்க்கும் கிருமியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. பெரிபெரிக்கும் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று நம்புவது அன்று இயல்பாகவே இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன் வேறொன்றைக் கவனித்தார். நோயில் விழுகிறவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். கம்பத்து மலாய்க்காரர்களிடம் நோய் குறைவு. தமிழர்களிடம் மிக மிகக் குறைவு. மூவரும் ஒரே நாட்டில், ஒரே வெயிலில், ஒரே மழையில் இருக்கிறார்கள். மூவருக்கும் சோறுதான் உணவு. ஆனால் சோறு ஒன்றல்ல. சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்திக்கொண்டார்கள். தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. தான் திரட்டியதையெல்லாம் சேர்த்துப் பிராடன் 1907இல் பெரிபெரியின் காரணம் பற்றிப் பெரியதொரு நூல் வெளியிட்டார்.

இந்த இடத்தில் நான் இளம் ஆசிரியர்களை நிறுத்திக் கேட்பேன்: பிராடன் கண்டது போதுமா? புழுங்கல் அரிசிதான் தமிழர்களைக் காத்தது என்று இப்போதே முடிவு கட்டலாமா? பெரும்பாலோர் "கட்டலாம்" என்பார்கள். முடிவு சரி என்று இன்று நமக்குத் தெரிந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. அன்றைய ஆளாக நின்று பாருங்கள். தமிழனும் சீனனும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? ஒருவன் திறந்த தோட்டத்தில் மரம் சீவினான், காடு வெட்டினான். இன்னொருவன் சுரங்கக் குழியில் நீரில் நின்றான். ஒருவன் பருப்பும் புளியும் கீரையும் சேர்த்துக்கொண்டான். இன்னொருவனின் கறி வேறு. குடியிருப்பு வேறு, புகை வேறு, குடி வேறு, உடல்வாகு வேறு. இந்த வேற்றுமைகளில் எதுவும் காரணமாக இருக்கலாம். ஆய்வு தொடங்கும் முன்பே வேறுபட்டிருந்த இரு குழுக்களை ஒப்பிட்டால், முடிவில் தெரியும் வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் இதைத் தேர்வுப் பிழை என்கிறார்கள். பிராடனை மறுத்தவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவருடைய சான்றில் இந்த ஓட்டை உண்மையாகவே இருந்தது.

இதே ஓட்டையோடு மல்லுக்கட்டியவர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். ஜப்பானியக் கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோவின் கதை அதில் ஒன்று. 1882இல் புறப்பட்ட ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பலில் 376 பேர் இருந்தார்கள்; நியூசிலாந்து, பெரு, ஹவாய் என்று சுற்றி வருவதற்குள் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். உணவே காரணம் என்று நம்பிய தகாகி, 1884இல் சுக்குபா என்ற கப்பலை அதே வழியில் அனுப்பச் செய்தார். உணவை மட்டும் மாற்றினார். அரிசியைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி ஆகியவற்றைக் கூட்டினார். பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. அதே கடல்வழி என்பதில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. வேறு வழியில் அனுப்பியிருந்தால் "அந்தக் கடல் நல்ல கடல்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனாலும் இரண்டு கப்பல்களும் ஒரே காலத்தில் போகவில்லை. இடையில் வேறு ஏதாவது மாறியிருக்கலாம் என்று எதிர்ப்போர் சொல்ல இடம் இருந்தது. ஜப்பானியத் தரைப்படையின் மருத்துவர்கள் அந்தச் சான்றை ஏற்கவில்லை. 1904இல் மூண்ட ருசிய-ஜப்பானியப் போரில் தரைப்படையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெரிபெரியில் விழுந்தார்கள். சுமார் 27,000 பேர் மாண்டார்கள். ஒரு சான்று எதிராளியின் கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லாமல் நிற்கும்போது அதற்கு விலை உண்டு என்பதை நான் இந்த எண்ணைக் காட்டித்தான் சொல்கிறேன்.

நமக்கு இன்னும் அருகில், சாவாவின் பத்தாவியாவில், கிறிஸ்தியான் ஐக்மன் கோழிகளை வைத்து ஆராய்ந்தார். அவருடைய கோழிகள் கால் துவண்டு விழுந்தன. பிறகு தாமாகவே தேறின. தேடிப் பார்த்தபோது, இடையில் கோழிகளுக்கு மருத்துவமனைச் சமையலறையின் வெள்ளைச் சோறு போடப்பட்டிருந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அதைக் கொடுக்க மறுத்ததும் தெரியவந்தது. ஆய்வாளர் திட்டமிடாத ஒரு நிகழ்ச்சி குறுக்கே புகுந்து முடிவை மாற்றுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஐக்மன் அதைக் கண்டுகொண்டதால் அது பிழையாகாமல் கண்டுபிடிப்பாயிற்று. அவருடைய நண்பர் அடால்ஃப் வோர்டர்மன் அடுத்துச் சாவாவின் 101 சிறைகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் ஏறத்தாழ 2,80,000 கைதிகள். வெள்ளை அரிசி தந்த 51 சிறைகளில் 36இல் பெரிபெரி இருந்தது. முழுதாகத் தீட்டாத அரிசி தந்த 37 சிறைகளில் ஒன்றில் மட்டுமே இருந்தது. கட்டடத்தின் வயது, தரை, காற்றோட்டம், நெரிசல் என்று ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, இதனால் அந்த வேறுபாடு வந்ததா என்று அவர் சரிபார்த்தார். வேலை அருமையானது. ஆனால் எந்தச் சிறைக்கு எந்த அரிசி என்பதை அவர் முடிவு செய்யவில்லை. அது முன்பே அப்படி இருந்தது.

அந்த ஒரு படியைத் தாண்டியது கோலாலம்பூரில்.

அங்கே மனநோயாளர் விடுதியில் 1905இல் பெரிபெரி கடுமையாகப் பரவியது. மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் அந்த டிசம்பரில் நோயாளிகள் எல்லோரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணச் செய்தார். ஒற்றை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கூடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி தொடர்ந்தது. இரட்டை எண் வந்தவர்கள் மேற்குப் பக்கக் கூடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வங்காளத்திலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஆண்டின் நடுவில் இரண்டு கூட்டத்தாரையும் கூடம் மாற்றினார், அரிசியை மாற்றவில்லை.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். புதிதாக வந்தவர்களையும் சேர்த்து ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 120 பேர். வெள்ளை அரிசி உண்டவர்களில் பலருக்குப் பெரிபெரி. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் இருவரிடம் மட்டும் நோய் காணப்பட்டது. அவர்கள் இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அந்தப் பக்கத்தில் பெரிபெரியால் இறப்பே இல்லை. ஃபிளெட்சர் இதை 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்.

இந்தத் திட்டத்தின் அழகை நான் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் காட்டுவேன். யார் எந்தக் குழு என்பதை இனமோ, வேலையோ, மருத்துவரின் விருப்பமோ முடிவு செய்யவில்லை. வரிசையில் நின்ற இடம் முடிவு செய்தது. பிராடனின் சான்றில் இருந்த ஓட்டை அந்த எண்ணிக்கையில் அடைபட்டது. இரு குழுக்களும் ஒரே முற்றத்தில், ஒரே மழைக்காலத்தில், ஒரே மருத்துவரின் கீழ் இருந்தார்கள். ஆகவே தகாகியின் இரு கப்பல்களுக்கு இடையே இருந்த கால இடைவெளி இங்கே இல்லை. கூடத்தை மாற்றியதால், "கிழக்குக் கூடத்தில்தான் நஞ்சு இருக்கிறது" என்று மேன்சன் வழியில் யாரும் சொல்ல முடியாமற்போனது. நோய் கூடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போயிற்று.

இன்னொரு முடிச்சு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆய்வு தொடங்கியது நோய் உச்சத்தில் இருந்தபோது. எந்தக் கொள்ளைநோயும் உச்சத்துக்குப் போனபின் இறங்கத்தான் செய்யும். எல்லோருக்கும் புழுங்கல் அரிசியைக் கொடுத்திருந்தால் நோய் இறங்கியிருக்கும். அரிசியால் இறங்கியதா, தானாகவே இறங்கியதா என்று பிரிக்க வழி இருந்திருக்காது. ஒப்பிட ஒரு குழு இருந்ததால்தான் பிரிக்க முடிந்தது. பின்தங்கிய மாணவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் சோதிக்கும் நம் ஆசிரியர்களின் கட்டுரைகளில் இருப்பதும் இதே பள்ளம்தான். ஒரு தேர்வில் மிகக் கீழே விழுந்த பிள்ளைகளில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியவர்கள், சிலர் கேள்வியைத் தவறாகப் படித்தவர்கள். அடுத்த தேர்வில் அவர்கள் சராசரியை நோக்கி ஏறுவார்கள். எந்த உத்தியும் இல்லாவிட்டாலும் ஏறுவார்கள்.

ஃபிளெட்சரின் ஆய்வில் அடைபடாத துளைகளும் இருந்தன. யார் எந்த அரிசி உண்கிறார் என்பது நோயைக் கண்டறிந்த மருத்துவருக்குத் தெரியும். கால் மரத்துப்போனது பெரிபெரியாலா, வேறெதனாலா என்று முடிவு செய்வதில் மனச்சாய்வு புகுந்துவிடலாம். இறப்பில் அப்படிப் புகுவது கடினம். அதனால்தான் அந்த 18 என்ற எண்ணுக்கு அவ்வளவு கனம். அடுத்து, மனநோயாளர் விடுதியில் அடைபட்டிருப்பவர்களுக்குப் பொருந்துவது வெளியே உழைக்கும் ஆரோக்கியமான ஆளுக்கும் பொருந்துமா என்ற கேள்வி. ஆய்வுக்குள் முடிவு சரியாக இருப்பது ஒன்று. ஆய்வுக்கு வெளியே அது செல்வது இன்னொன்று. முதலாவதை உள் ஏற்புடைமை என்றும், இரண்டாவதைப் புற ஏற்புடைமை என்றும் பிற்காலத்தவர் பிரித்தார்கள். விடுதியில் நோய் தொற்றிப் பரவுகிறது என்ற கட்சியும் இன்னும் முழுதாக ஓயவில்லை.

அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும். நெகிரி செம்பிலானில் டுரியான் திபுஸ் என்ற ஒதுக்குப்புறத்தில் சாலை போடுவதற்காக ஒப்பந்தத்தில் வந்த சாவகத் தொழிலாளர்கள் சுமார் 300 பேர். பழைய கட்டடம் இல்லை, பழைய நோயாளிகள் இல்லை, முன்பு மனிதர் குடியிருந்த மண்ணும் இல்லை. அவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துத் தனித்தனி இடத்தில் தங்கவைத்தார்கள். ஓர் அணிக்கு வெள்ளை அரிசி, ஓர் அணிக்குப் புழுங்கல் அரிசி.

சுமார் மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வெள்ளை அரிசி அணியில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களைப் புழுங்கல் அரிசிக்கு மாற்றியதும் புதிய நோயாளிகள் வருவது நின்றது. மற்ற அணிக்கு வெள்ளை அரிசி போனதும் நோயும் அங்கே போனது. 1909இல் இதுவும் 'லான்செட்'டில் வெளிவந்தது. அந்த மூன்று மாத அமைதியைக் கவனியுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் சத்து தீரச் சில வாரங்கள் பிடிக்கும். தீர்ந்தபின் நரம்பு தளரக் காலம் பிடிக்கும். ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஒரு மாதத்தில் மூட்டை கட்டியிருந்தால், "அரிசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை" என்று எழுதியிருப்பார்கள். பொறுத்துப் பார்க்காத ஆய்வும் பொய்யான முடிவைத் தரும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு சரியான ஆய்வுகளுக்குப் பின்னும் காரணம் பிடிபடவில்லை. அரிசியால் வருகிறது என்பது உறுதி, அரிசியில் எதனால்? பழைய வெள்ளை அரிசியில் பூஞ்சை போன்ற ஏதோ வளர்ந்து நஞ்சைக் கக்குகிறது, நெல்லைப் புழுக்கும்போது அது அண்டுவதில்லை என்றார் பிராடன். அரிசி மாவில் நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்று முதலில் எண்ணினார் ஐக்மன். புரதக் குறைவு என்றார் தகாகி. வெள்ளை அரிசியில் நஞ்சு இருக்கலாம், அல்லது ஏதோ சத்து குறைந்திருக்கலாம் என்று இரண்டு வழியையும் திறந்து வைத்தார் ஃபிளெட்சர். மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிப்பது வேறு, அது ஏன் வேலை செய்கிறது என்று நிரூபிப்பது வேறு. முதலாவதை நிரூபித்த மகிழ்ச்சியில் இரண்டாவதையும் நிரூபித்துவிட்டதாக நினைப்பது அறிஞர்களுக்கும் நேர்ந்தது.

ஃபிரேசரும் ஸ்டான்டனும் இதையும் சோதித்தார்கள். புதிதாகத் தீட்டிய வெள்ளை அரிசியைக் கோழிகளுக்குக் கொடுத்தார்கள், கோழிகள் விழுந்தன. அப்படியென்றால் பழசானதால் வரும் நஞ்சு காரணமில்லை. வெள்ளை அரிசியோடு தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள், கோழிகள் பிழைத்தன. காக்கும் பொருள் தவிட்டோடு ஆலையில் கழிந்துபோகிறது என்று தெளிந்தது. ஓர் அரிசி ஆபத்தானதா என்று அறிய அதிலுள்ள பாஸ்பரசை அளக்கும் முறையையும் கொண்டுவந்தார்கள். பாஸ்பரஸ் பென்டாக்சைடு 0.4 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது ஆபத்தான அரிசி. ஆனால் காப்பது பாஸ்பரஸ் அல்ல என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். தவிடு எவ்வளவு கழிந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். அளக்க எளிதானதையே காரணம் என்று எடுத்துக்கொள்ளும் ஆசையை அவர்கள் அடக்கினார்கள். வாசிப்பு வேகத்தை மட்டும் அளந்துவிட்டு வாசிப்புத் திறனே வளர்ந்துவிட்டது என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 0.4 நினைவுக்கு வரும்.

1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவச் சங்கத்தின் மாநாடு, வெள்ளை அரிசியையே முதன்மை உணவாகத் தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று தீர்மானம் செய்தது. 1912இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற பெயரை வழங்கினார். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தார்கள். 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாக உருவாக்கினார். தயமின், வைட்டமின் பி1 என்று நாம் அறிவது அதுதான்.

இந்த வரிசையில் என் பாட்டியைப் போன்ற பெண்களின் பெயர் வராது. ஆனால் அவர்களின் வேலை அதில் இருக்கிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, களத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகு குத்துவார்கள். ஊறும்போதும் அவியும்போதும் உமிக்கு உள்ளே இருக்கும் தவிட்டிலிருந்தும் முளையிலிருந்தும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. அவிந்த மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி அரிக்காது, சோறு உதிரியாக வரும் என்பதற்காக அதைச் செய்தார்கள். பெரிபெரியைத் தடுக்க வேண்டும் என்று யாரும் செய்யவில்லை. எங்கள் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஒரு வழக்கம் பயனுள்ளதாக இருப்பது ஒன்று. அது ஏன் பயனுள்ளது என்று அறிந்திருப்பது வேறொன்று. இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்வதே அந்தப் பெண்களுக்கு நாம் செய்யும் நேர்மையான மரியாதை.

பெரிபெரி ஆய்வுகளுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், 1963இல், அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல்லும் ஜூலியன் ஸ்டான்லியும் கல்வி ஆய்வாளர்களுக்காக ஒரு பட்டியல் எழுதினார்கள். இடையில் புகும் நிகழ்ச்சி, ஆட்களின் இயல்பான வளர்ச்சி, சோதனையே கற்றுக்கொடுத்துவிடுவது, அளவுகோல் மாறுவது, சராசரியை நோக்கித் திரும்புவது, குழுத் தேர்வில் சாய்வு, பாதியில் ஆட்கள் விலகுவது, இவை ஒன்றோடொன்று சேர்வது. ஏற்புடைமைக்கு வரும் அச்சுறுத்தல்கள் என்று இன்று உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடம் செய்யப்படும் பட்டியல் அது. மனப்பாடம் செய்கிறவர்கள் அதை ஒரு சடங்காகக் கட்டுரையின் கடைசியில் எழுதி வைக்கிறார்கள். மலாயாவின் கதையோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதர் கேட்ட உண்மையான மறுப்பு. "அது கூடத்தால் வந்தது", "அது இனத்தால் வந்தது", "அது தானாகவே தீர்ந்திருக்கும்". ஒரு முடிவின் வலிமை அதைச் சொன்னவரின் பதவியில் இல்லை. எத்தனை மறுப்புகளை நேரில் சந்தித்து அது நிற்கிறது என்பதில் இருக்கிறது. என் ஆசிரியர் வாழ்க்கை முழுவதும் நான் நம்பி வந்தது இது.

ஆனால் இந்தக் கதையைப் பாராட்டோடு மட்டும் முடிக்க என் மனம் ஒப்பாது. கோலாலம்பூர் விடுதியில் வரிசையில் நின்றவர்களிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. டுரியான் திபுஸில் சாலை போட்டவர்கள் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்கள். பிடிக்கவில்லை என்று எழுந்து போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆட்கள் பாதியில் விலகாத ஆய்வு என்று நாம் மெச்சுகிறோம். விலக முடியாதவர்களைக் கொண்டு செய்ததால் விலகவில்லை. உணவு கலக்காத ஆய்வு என்கிறோம். அடைத்து வைத்ததால் கலக்கவில்லை. எந்தச் சுதந்திரம் ஆய்வைக் குழப்புமோ அந்தச் சுதந்திரம் இல்லாதவர்கள்மீதுதான் மிகத் தூய்மையான ஆய்வு நடந்தது. ஃபிளெட்சர் தீயவர் என்று நான் சொல்லவில்லை. வெள்ளை அரிசி அன்று எல்லா அரசு நிலையங்களிலும் வழங்கிய சாதாரண உணவு. எது காக்கும் என்பது தொடங்கும்போது தெரியாது. ஆனால் மாதங்கள் போகப் போக ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது நிறுத்தியிருக்க வேண்டும். இன்று அப்படி நிறுத்துவதற்கென்றே விதிகள் இருக்கின்றன. 1947இல் நியூரம்பெர்க் நெறிமுறை, ஆளின் தன்விருப்பச் சம்மதத்தை முதல் விதியாக வைத்தது. அந்த 18 பேருக்கு அது நாற்பது ஆண்டு தாமதம். அவர்களின் பெயரை நாம் அறியோம். கடன் மட்டும் இருக்கிறது.

அந்தக் கடனை வகுப்பறையில் எப்படித் தீர்ப்பது என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் நல்ல உத்தியைக் கொடுத்து மற்றதற்கு மறுப்பது பாவமில்லையா என்பார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் கட்டுப்பாட்டுக் குழுவே வேண்டாம் என்பதல்ல. பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். இரண்டு வகுப்பு இருந்தால் எது முதலில் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் பருவத்தில் ஒரு வகுப்புக்கு உத்தியைக் கொடுங்கள், மற்ற வகுப்பு வழக்கப்படி படிக்கட்டும். அடுத்த பருவத்தில் மற்ற வகுப்புக்கும் கொடுங்கள். விடைத்தாளைத் திருத்துகிறவர் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று அறியாதவராக இருக்கட்டும். பள்ளி மாறிப்போன பிள்ளைகளையும் கணக்கில் எழுதுங்கள். முதல் பருவத்தில் முதல் வகுப்பும், அடுத்த பருவத்தில் இரண்டாம் வகுப்பும் ஏறினால் உங்கள் "ஆகவே" நிற்கும். ஏறாவிட்டால் அதையும் எழுதுங்கள், அதுவும் அறிவுதான்.

சிறிய தமிழ்ப்பள்ளியில் இதற்கெல்லாம் வசதி ஏது என்று சோர்ந்துபோக வேண்டாம். ஒரு வகுப்பே இருந்தாலும் பல வாரம் முன்பிருந்தே அளந்து வைத்தால் இயல்பான வளர்ச்சியையும் உத்தியின் விளைவையும் ஓரளவு பிரிக்கலாம். ஃபிளெட்சரிடம் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. இரண்டு கூடம், இரண்டு அரிசி மூட்டை, ஒன்று இரண்டு என்று எண்ணும் முறை, அதோடு தன்னை மறுப்பவர் என்ன சொல்வார் என்று முன்கூட்டியே யோசிக்கும் நேர்மை. இதில் கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைக்காதவை அல்ல. கடைசியாகச் சொன்னதைக் கற்றுத்தருவதுதான் ஆசிரியரின் வேலை.